நில் நகரத்துக் கரேன் மக்கள்: வேலை, வகுப்பு, ஊர் – ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட பொருள்

புதிய நாட்டுக்கு வந்து சேரும் அகதி முதலில் அந்நாட்டு மொழியைக் கற்க வேண்டும், அதன்பின் வேலை தேட வேண்டும் என்ற வரிசை குடியமர்வுத் திட்டங்களில் ஊறிப்போன ஒன்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னிலிருந்து அடிலெய்டுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இரு நகரங்களுக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கும் நில் என்னும் சிற்றூரில் 2010-ஆம் ஆண்டு இந்த வரிசை மாற்றிப் போடப்பட்டது. பர்மாவின் கரேன் இனத்தைச் சேர்ந்த அகதிக் குடும்பங்கள் அங்கே முதலில் வேலைக்கு வந்தன. ஆங்கிலத்தை வேலைக்கு நடுவிலும் வேலை முடிந்த பின்னும் கற்றன. ஐந்தே பணியாளர்களில் தொடங்கிய அந்த வரவு, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 160 பேர் கொண்ட சமூகமாக வளர்ந்தது.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் பொருளாதார வெற்றியைத்தான் பேசியிருக்கிறார்கள். அந்த வெற்றி உண்மையானது. அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் என் அக்கறை வேறொரு கேள்வியில் இருக்கிறது. போதிய ஆங்கிலம் இல்லாமலேயே வேலைக்குச் சேர்ந்த மனிதர்கள் ஒரு சிற்றூரில் எப்படித் தாக்குப்பிடித்தார்கள், வகுப்பு செய்ய வேண்டிய எந்தெந்த வேலைகளை ஊர் தன் தோளில் ஏற்றுக்கொண்டது, ஊர் எவ்வளவு முயன்றாலும் வகுப்பினால் மட்டுமே செய்யக்கூடிய பகுதி எது என்பதே அது. வரிசையை மாற்றியது பலன் தந்ததற்குக் காரணம், விட்டுப்போன மொழியின் இடத்தை மனிதர்கள் தற்காலிகமாக நிரப்பினார்கள் என்பது இந்த ஆய்வின் முடிவு. 'தற்காலிகமாக' என்ற சொல்லை நான் அழுத்தியே சொல்கிறேன்.

ஊரும் ஆலையும்

நில், விக்டோரியாவின் மேற்கில் விம்மெரா என்று அழைக்கப்படும் கோதுமை விளையும் சமவெளியில், ஹிண்ட்மார்ஷ் ஷயர் என்னும் உள்ளாட்சிப் பகுதியைச் சேர்ந்தது. மக்கள்தொகை இரண்டாயிரத்தைச் சற்றே தாண்டும். ஆஸ்திரேலியாவின் தானிய நிலப் பகுதிகளில் உள்ள சிற்றூர்கள் பலவற்றுக்கும் நேர்ந்ததே இதற்கும் நேர்ந்தது: பண்ணைகள் பெரிதாகி, ஆள்தேவை குறைந்து, படிக்கப் போன பிள்ளைகள் திரும்பி வராமல், எஞ்சியவர்களின் சராசரி வயது ஏறிக்கொண்டே போனது. இத்தகைய ஊரில் வேலையின்மை பெருகும் என்று எதிர்பார்ப்போம். நில்லிலோ வேலையில்லாதவர்கள் மிகக் குறைவு. வேலை செய்யும் வயதினரே குறைந்துபோயிருந்தார்கள்.

அந்த ஊரின் பெரிய தனியார் முதலாளி லவ்-எ-டக் என்னும் வாத்து இறைச்சி நிறுவனம். அது உற்பத்தியை விரிவாக்க முற்பட்டபோது உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. அப்போது பொது மேலாளராக இருந்த ஜான் மில்லிங்டன், மெல்பர்னில் புலம்பெயர்ந்தோருக்கு மொழிப்பயிற்சியும் குடியமர்வு உதவியும் அளிக்கும் ஏம்ஸ் அமைப்பை அணுகினார். மெல்பர்னின் தென்மேற்குப் புறநகரான வெரிபியில் வாழ்ந்த கரேன் குடும்பங்களோடு தொடர்பு ஏற்பட்டது அவ்வழியாகத்தான்.

நிறுவனத்துக்கு ஆள் வேண்டும், குடும்பங்களுக்கு வேலை வேண்டும் என்ற நேரடிக் கணக்கோடு இது நின்றிருந்தால், ஆறு மாதங்களில் பாதிப் பேர் வெரிபிக்கே திரும்பியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. அப்படி நேராமல் தடுத்த முதல் செயல், அவசரப்படாமை. வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்பே குடும்பங்கள் நில்லுக்கு வந்து ஊரைப் பார்த்தன. ஆட்கள் மொத்தமாகக் கொண்டுவரப்படவில்லை. வேலையும் வாடகை வீடும் கிடைக்கக் கிடைக்கச் சிறுசிறு குழுக்களாக வந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு, வரப்போகிறவர்கள் யார், எந்தப் போரிலிருந்து தப்பியவர்கள், ஏன் வருகிறார்கள் என்பது முன்கூட்டியே எடுத்துச் சொல்லப்பட்டது. சிற்றூரில் யாருடைய வருகையும் மறைவாக நடப்பதில்லை. செய்தி வதந்தியாகப் போய்ச்சேர்வதற்கும் விளக்கமாகப் போய்ச்சேர்வதற்கும் உள்ள வேறுபாட்டில்தான், வந்தவர்களின் முதல் சில மாதங்கள் எப்படி அமையும் என்பது தீர்மானமாகிறது.

வந்தவர்கள் எதைச் சுமந்து வந்தார்கள்

கரேன் மக்கள் பர்மாவின் கிழக்கு எல்லையோர மலைப்பகுதிகளிலும் ஐராவதி ஆற்றுக் கழிமுகத்திலும் வாழும் இனத்தவர். பர்மா விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1949 ஜனவரியில், கரேன் தேசிய ஒன்றியத்துக்கும் அரசுப் படைகளுக்கும் இடையே போர் மூண்டது. உலகின் மிக நீண்ட உள்நாட்டுப் போர்களில் ஒன்றாக அது நீடித்தது. 1984 முதல் தாய்லாந்து எல்லையில் அகதி முகாம்கள் உருவாயின. அவற்றுள் பெரியது தாக் மாநிலத்தில் உள்ள மே லா. அகதிகள் தொடர்பான 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் தாய்லாந்து கையெழுத்திடாத நாடு என்பதால், முகாமில் இருந்தவர்களுக்கு வெளியே சென்று சட்டப்படி வேலை செய்யும் உரிமை அப்போது இருக்கவில்லை. மூங்கிலும் இலையும் வேய்ந்த குடிசைகளில் பங்கீட்டு அரிசியை நம்பிப் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் உண்டு. அங்கேயே பிறந்து, வேறு உலகம் பார்க்காமல் வளர்ந்த இளைஞர்களும் உண்டு.

இதைச் சொல்வது இரக்கத்தைத் தூண்டுவதற்காக அன்று. வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இது தேவை. முகாம்களில் கரேன் ஆசிரியர்களே நடத்திய பள்ளிகள் இருந்தன. ஆகவே இளையவர்களில் பலருக்குத் தாய்மொழியில் எழுதப் படிக்கத் தெரியும். கரேன் மொழிகளுள் ஒன்றான ஸ்கா கரேனுக்கு 1830-களில் ஜானதன் வேட் என்ற பாப்டிஸ்ட் பாதிரியார் பர்மிய எழுத்தைத் தழுவி அமைத்த வரிவடிவம் உண்டு. ஆனால் போர்க்காலத்தில் கிராமம் விட்டுக் கிராமம் ஓடியபடி வளர்ந்த மூத்த தலைமுறையில், குறிப்பாகப் பெண்களில், பள்ளி வாசலை மிதிக்காதவர்கள் பலர். தாய்மொழியில் படிக்கத் தெரிந்தவருக்கு ஆங்கில எழுத்து இரண்டாவது வரிவடிவம். தெரியாதவருக்கு எழுத்து என்பதே அப்போதுதான் அறிமுகம். இருவரையும் ஒரே பலகையின் முன்பு உட்காரவைத்து 'தொடக்கநிலை மாணவர்கள்' என்று அழைப்பது, பெயரளவில்தான் சரி.

மொழியின் ஒலியமைப்பும் தன் பங்குக்குச் சோதித்தது. ஸ்கா கரேனில் அசைகள் உயிரொலியில் முடிவன. சொல்லின் இறுதியில் க், ட், ஸ் போன்ற மெய்கள் வருவதில்லை. ஆங்கிலமோ தன் பொருளில் பெரும்பகுதியைச் சொல்லின் இறுதி மெய்யில் வைத்திருக்கும் மொழி. தமிழர் நாம் 'பஸ்' என்பதற்கு உகரம் சேர்த்து 'பஸ்ஸு' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். கரேன் நாக்கு இறுதி மெய்யை விழுங்கிவிடுகிறது. 'டக்' என்ற சொல், அதாவது அவர்கள் நாள் முழுதும் கையாளும் பறவையின் பெயர், பாதியாகவே வெளிவரும். ஒருமை பன்மைக்கும் காலத்துக்கும் கரேனில் சொல்லின் வடிவம் மாறுவதில்லை. அவற்றைத் தனிச்சொற்களும் சூழலும் உணர்த்திவிடும். ஆகவே, சொல்லின் ஈற்றில் ஒட்டும் 'எஸ்' ஒலியும் இறந்தகாலம் காட்டும் 'எட்' ஒலியும் அவர்களுக்கு இருமடங்கு கடினம்: இலக்கணமும் புதிது, ஒலியும் புதிது. கேட்பவர் இதை அறியாவிட்டால், பேசுபவர் மந்தமானவர் என்று நினைத்துவிடுவார். இந்தத் தவறான எண்ணம், தவறான உச்சரிப்பைவிடப் பெரிய தீங்கு செய்கிறது.

பெயரிலும் சிக்கல் இருந்தது. கரேன் மரபில் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை, தாய், மூன்று பிள்ளைகள் என்று ஐந்து பேருக்கும் ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து பெயர்கள் இருக்கும். ஆண்களுக்கு முன்னால் வரும் 'சா', பெண்களுக்கு முன்னால் வரும் 'நா' என்பவை மரியாதை முன்னொட்டுகள். குடிவரவுப் படிவங்களோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரு கட்டங்களை நிரப்பச் சொல்லும். முன்னொட்டு முதற்பெயரானது, மனிதரின் சொந்தப் பெயர் எங்கோ பிளந்து குடும்பப்பெயரானது. வங்கியிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் இதை ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் விளக்க வேண்டியிருந்தது. தலைப்பெழுத்து மரபிலிருந்து வெளிநாடு போன தமிழர் எவருக்கும் இந்த அலுப்பு புரியும்.

வகுப்பு என்ற ஏற்பாடு

ஆஸ்திரேலியாவில் வயதுவந்த புலம்பெயர்ந்தோருக்கான ஆங்கிலத் திட்டம் 1948-இல் தொடங்கியது. போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் தங்கவைக்கப்பட்ட பொனெகில்லா முகாமில் அதன் தொடக்க கால வகுப்புகள் நடந்தன. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்கு அடித்தளம் தந்தது. கரேன் குடும்பங்கள் நில்லுக்கு வந்த காலத்தில் நடைமுறையில் இருந்த ஏற்பாடு இது: தகுதியுள்ள ஒருவருக்கு 510 மணிநேர இலவச வகுப்பு. வந்தவுடன் குறித்த காலத்துக்குள் பதிவு செய்து, ஐந்து ஆண்டுகளுக்குள் முடித்துவிட வேண்டும். அகதிகளாக வந்தவர்களில் கொடிய அனுபவங்களைக் கடந்தவர்களுக்குக் கூடுதலாக 100 மணிநேரமும், பள்ளிப்படிப்பு மிகக் குறைந்த இளைஞர்களுக்கு 400 மணிநேரம் வரையும் உண்டு. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு வகுப்பு நேரத்தில் இலவசக் குழந்தைப் பராமரிப்பு உண்டு. வகுப்புக்கு வர இயலாதவர்களின் வீட்டுக்கே சென்று கற்பிக்கும் தன்னார்வலர் பிரிவும் இருந்தது. ஏட்டளவில் பார்த்தால், உலகின் தாராளமான மொழித்திட்டங்களில் இதுவும் ஒன்று.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். வாரம் 20 மணிநேரம் முழுநேரமாக வகுப்புக்குச் சென்றால் 510 மணிநேரம் ஏறத்தாழ ஆறு மாதத்தில் தீர்ந்துபோகும். முழுநேர ஆலைவேலை செய்துகொண்டு வாரத்துக்கு ஒரு முறை மூன்று மணிநேரம் மட்டும் சென்றால் 170 வாரங்கள், அதாவது மூன்றே கால் ஆண்டுகள் ஆகும். அதிலும் ஒரு வாரம்கூடத் தவறக்கூடாது. பள்ளி செல்லாமல் வளர்ந்த ஒருவர் எழுத்தறிவிலிருந்து தொடங்கி, மருத்துவரிடம் தன் நோயைச் சொல்லும் அளவுக்கு வருவதற்கு 510 மணிநேரம் போதாது என்பதை இத்துறை ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். முதல் முறையில் மணிநேரம் தீர்ந்துபோகிறது, மொழி மிச்சமிருக்கிறது. இரண்டாம் முறையில் மணிநேரம் இருக்கிறது, உடலில் தெம்பு இருப்பதில்லை. அதிகாலையில் தொடங்கி, குளிர்ந்த கூடத்தில் நின்றபடி கத்தி பிடித்தவர், மாலையில் நாற்காலியில் அமர்ந்து வினைச்சொல் வாய்பாட்டைச் சொல்வதற்கு எவ்வளவு மனஉறுதி வேண்டும் என்பதை, வேலைக்குப் போனபடியே படித்தவர்கள் அறிவார்கள்.

நில்லில் வகுப்புகளின் மையமாக இருந்தது ஊரின் சமூகக் கற்றல் மையம். இத்தகைய மையங்கள் விக்டோரியாவின் பல சிற்றூர்களில் உள்ளன: கணினி, கைவினை, தொழிற்சான்றிதழ் என்று ஊர்மக்கள் எல்லோருக்குமாக நடப்பவை. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அகதிகளுக்கென்று தனிக் கட்டடம் எழுப்பாமல், ஊர்க்காரர்கள் வந்துபோகும் அதே கதவு வழியாகவே கரேன் மக்களும் வந்தார்கள். வகுப்பில் கற்ற வாழ்த்துச் சொல்லைக் கூடத்திலேயே சொல்லிப் பார்க்க ஆள் இருந்தது.

ஆலை ஒரு மொழிப்பள்ளி ஆகுமா

வேலை செய்தாலே மொழி வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலானது. நான் இதை ஏற்கவில்லை. நில்லின் அனுபவமும் இதற்குச் சான்று தரவில்லை. இறைச்சி பதப்படுத்தும் கூடத்தில் இயந்திரங்களின் இரைச்சல் ஓயாது. காதைக் காக்க அடைப்பான் அணிந்திருப்பார்கள். வரிசையில் பறவை நகர்ந்துகொண்டே இருக்கும். கை ஓய்ந்தால் அடுத்தவருக்குத் தடை. பக்கத்தில் நிற்பவரும் கரேன் என்றால், உணவு இடைவேளையிலும் ஆங்கிலம் பேச வேண்டிய தேவை எழாது. 'நிறுத்து', 'கூர்மை', 'சூடு', 'வழுக்கும்' போன்ற பத்திருபது சொற்களும் எண்களும் அங்கே உயிர்காக்கும். அவற்றைத் தாண்டிய மொழியை அந்தக் கூடம் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. பத்தாண்டு அதே வரிசையில் நின்றவர் அதே இருபது சொல்லோடு நிற்பது சாத்தியம்.

ஆலை கற்றுத்தந்தது வேறொன்றை. முகாமில் உழைக்கும் உரிமையே மறுக்கப்பட்டிருந்தவர்களுக்கு, இரு வாரத்துக்கு ஒரு முறை தம் பெயரில் சம்பளம் வருவதும், அதைக் காட்டி வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும் ஊரில் நிமிர்ந்து நடப்பதற்கான துணிவைத் தந்தன. மொழி கற்பதற்கு வெட்கம் பெரிய பகை. தன்னைச் சுமையாக நினைப்பவர் தவறாகப் பேசிவிடுவோமோ என்று வாய்திறக்க மாட்டார். தன் உழைப்பு ஊருக்குத் தேவை என்று அறிந்தவர் தவறாகவேனும் பேசிப் பார்ப்பார். வேலை ஆங்கிலத்தைக் கற்பிக்கவில்லை என்றாலும், கற்கும் மனநிலையை உருவாக்கியது என்பதே நான் இங்கே காணும் பயன்.

வேலையிடத்தில் இன்னொரு சிக்கலும் கவனிக்கத்தக்கது. பர்மியர் 'ஆனாடே' என்று சொல்வதை நம்முடைய 'தாட்சண்யம்' என்ற சொல் கிட்டத்தட்ட உணர்த்தும்: பிறரைச் சங்கடப்படுத்தக்கூடாது, தொல்லை கொடுக்கக்கூடாது என்ற உள்ளார்ந்த தயக்கம். பர்மாவின் பல இனத்தவரிடமும், கரேன் மக்களிடமும், இது வலுவானது. மேற்பார்வையாளர் ஒரு வேலையை விளக்கிவிட்டுப் 'புரிந்ததா?' என்று கேட்டால், புரியாதவரும் 'ஆம்' என்பார். அது பொய் அன்று. விளக்கியவரின் மனம் நோகக்கூடாது என்ற மரியாதை. கத்தியும் வெந்நீரும் புழங்கும் இடத்தில் இந்த மரியாதை ஆபத்தில் முடியலாம். இதற்கான தீர்வு ஆங்கில வகுப்பில் இல்லை. கேள்வியை மாற்றுவதில் இருக்கிறது. 'புரிந்ததா?' என்பதற்குப் பதில் 'செய்து காட்டுங்கள்' என்று கேட்கப் பழக வேண்டியவர் மேற்பார்வையாளர். மொழிச்சுமையின் பாதி கேட்பவர் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அகதிகளுக்கு ஊரைப் பற்றிச் சொன்னது போலவே ஊருக்கும் ஆலைக்கும் அகதிகளைப் பற்றிச் சொன்னது இதனால்தான் வீண்போகவில்லை.

ஊர் ஏற்றுக்கொண்ட சுமை

ஒரு குடும்பம் புதிய ஊரில் கால் ஊன்ற வேண்டுமானால் முதல் மாதத்திலேயே எத்தனை இடங்களில் ஆங்கிலம் பேச வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்: வீட்டு முகவர், மின்சார இணைப்பு, பள்ளிச் சேர்க்கை, தடுப்பூசி அட்டை, வங்கி, வரி எண், காரின் பதிவு. மெல்பர்னில் ரயிலும் பேருந்தும் இருந்தன. அருகிலேயே தம்மவர் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். நில்லில் கார் இல்லாமல் அசைய முடியாது. பெரிய ஊரான ஹார்ஷமுக்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர். ஆகவே ஓட்டுநர் உரிமம்தான் முதல் பாடநூல் ஆனது என்று சொன்னால் மிகையில்லை. சாலை விதிகளைப் படித்துத் தேர்வெழுதுவது ஆங்கிலம் கற்பதற்கான மிகக் கூர்மையான காரணம். பலன் கையில் கிடைக்கும், தோற்றால் மறுபடி எழுதலாம், யாரும் இளக்காரமாகப் பார்ப்பதில்லை.

இந்த இடைவெளிகளில் ஊர்க்காரர்கள் நின்றார்கள். பொது மேலாளரின் மனைவி மார்கரெட் மில்லிங்டன் தன்னார்வலராக முன்னின்று அன்றாடக் காரியங்களில் குடும்பங்களுக்குத் துணைநின்றது பலரும் பதிவு செய்த செய்தி. அவரைப் போன்றவர்கள் செய்த வேலையைப் பட்டியலிட்டால் சாதாரணமாகத் தோன்றும்: வீடு பார்ப்பது, படிவம் நிரப்புவது, மருத்துவரிடம் கூடச் செல்வது. ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும் ஆங்கிலம் செய்ய வேண்டிய வேலை. அது இல்லாத இடத்தில் ஒரு மனிதர் தன் நேரத்தைக் கொடுத்து அதைச் செய்தார். நான் தொடக்கத்தில் 'இடத்தை நிரப்பினார்கள்' என்று சொன்னது இதையே.

இதில் ஓர் எல்லைக்கோடு உண்டு. அதைக் கவனமாகச் சொல்ல வேண்டும். உதவும் அண்டை வீட்டார் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட முடியாது. நோயைப் பற்றிப் பேசும்போது கூட வந்த தன்னார்வலர் ஊகித்துச் சொல்வதும், அதைவிட மோசமாகப் பள்ளிப்பிள்ளை தன் தாயின் உடல்நிலையை மொழிபெயர்ப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை. ஆஸ்திரேலியாவில் 1973-லேயே தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவை தொடங்கிவிட்டது. நாள் முழுதும் இயங்கும் அச்சேவை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கரேன் மொழிபெயர்ப்பாளரை நில்லின் மருத்துவர் அறைக்குக் கொண்டுவரவல்லது. அத்தகைய சேவை இருப்பதைச் சொல்லி, அதைக் கேட்டுப்பெறும் உரிமை உண்டு என்று புரியவைப்பதும் ஒரு பாடம். உதவி கேட்கத் தயங்கும் பண்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு அது எளிதில் ஏறாத பாடமும்கூட.

வீடு மட்டும் கடைசிவரை நெருக்கடியாகவே இருந்தது. மக்கள்தொகை குறைந்துவந்த ஊரில் வாடகைக்கு விடும் தரத்தில் வீடுகள் குறைவு. வீடு கிடைத்தால்தான் அடுத்த குடும்பம் என்ற ஒழுங்கு, வரவின் வேகத்தைக் கட்டுப்படுத்தியது. பிற்காலத்தில் கரேன் குடும்பங்களே சொந்தமாக வீடு வாங்கத் தொடங்கின.

அளந்ததும் அளக்காததும்

ஏம்ஸ் அமைப்பும் டெலாய்ட் ஆக்சஸ் எகனாமிக்ஸ் என்னும் பொருளாதார ஆலோசனை நிறுவனமும் இணைந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு, கரேன் குடியமர்வினால் அவ்வட்டாரப் பொருளாதாரத்தில் 70.5 முழுநேர வேலைகளுக்கு ஈடான உழைப்பு சேர்ந்தது என்றும், அதன் பொருளாதாரப் பயன் நிகர இன்றைய மதிப்பில், அதாவது பல ஆண்டுகளின் பயனை ஒரே காலத்துப் பண மதிப்புக்குக் கொண்டுவரும் கணக்கில், ஏறத்தாழ 41.5 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் என்றும் கணித்தது. தேய்ந்துவந்த மக்கள்தொகை தேறியது, உள்ளூர்ச் சேவைகள் புத்துயிர் பெற்றன, இரு சமூகத்துக்கும் இடையே நம்பிக்கை வளர்ந்தது என்பவையும் அதன் கண்டறிவுகள். வெற்றிக்கான காரணங்களாக அது எடுத்துக்காட்டியவை: வரவேற்கும் ஊரில் உறுதியான தலைமை, வேலையும் வீடும், இரு தரப்பும் ஆயத்தப்படுத்தப்பட்டமை, தொடர்ந்த ஆதரவு, பண்பாட்டு மாற்றத்தைப் பொறுப்போடு கையாண்டமை.

சிறிய ஊரும் ஏழை அகதிகளும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதை எண்களால் நிறுவியதற்காக அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். அகதிகளைச் செலவாக மட்டுமே பார்க்கும் அரசியல் பேச்சுக்கு அது நல்ல மறுமொழி. எனினும் டாலரும் வேலை எண்ணிக்கையும் ஆங்கிலத்தை அளப்பதில்லை. எத்தனை பேர் துணையின்றி மருத்துவரிடம் சென்றுவர முடிகிறது, எத்தனை பேர் ஆலையை விட்டு வேறு தொழிலுக்கு மாற முடிகிறது, எத்தனை தாய்மார் பள்ளியிலிருந்து வரும் கடிதத்தைத் தாமே படிக்கிறார்கள் என்பவையே மொழிக்கான அளவுகோல்கள். ஒரே முதலாளியை நம்பிய குடியமர்வில் இது வெறும் கல்விக் கேள்வி அன்று. ஆலை ஒரு நாள் சுருங்கினால், ஆங்கிலம் அறிந்தவர் அடுத்த ஊரில் வேலை தேடுவார். அறியாதவர் முதல்நாள் நின்ற இடத்திலேயே மீண்டும் நிற்பார்.

வீட்டில் இருந்தவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. ஆலைக்குப் போன கணவனுக்கு இருபது சொல்லாவது கிடைத்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் முதியவர்களுக்கும் அதுவும் இல்லை. இந்த இடத்தில் நில் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது: பெண்கள் ஏற்கெனவே நன்கு அறிந்த நெசவையும் தையலையும் சுற்றி ஒன்றுகூடல்கள் அமைந்தன; அவ்வழியில் 'பா போ' என்ற பெயரில் ஒரு சமூகத் தொழில்முயற்சி உருவானது. கரேனில் அதற்குச் 'சின்னப் பூ' என்று பொருள். கையில் நூலும் தறியும் இருக்கும்போது பேச்சு அச்சமின்றி வருகிறது. ஊர்ப் பெண் வந்து இந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று கேட்கும்போது, ஆங்கிலத்தில் விளக்க வேண்டியவர் கரேன் பெண்; அங்கே அவர் மாணவி அன்று, ஆசிரியை. வகுப்பில் பத்து வாரம் பேசாதவர் அங்கே பேசுவதில் வியப்பில்லை.

சட்டம் பிந்தி வந்தது

2021 ஏப்ரலில் ஆங்கிலத் திட்டத்தின் விதிகள் மாற்றப்பட்டன. 510 மணிநேர வரம்பு நீங்கியது. அன்றாடத் தேவைக்குப் போதுமான ஆங்கிலத்தோடு வகுப்பை முடித்துவிடாமல், தொழிலுக்குப் போதுமான ஆங்கிலம் வரும்வரை தொடரலாம் என்றானது. 2020 அக்டோபர் 1-க்குள் நாட்டில் இருந்தவர்களுக்குப் பதிவு, தொடக்கம், நிறைவு ஆகியவற்றுக்கான காலக்கெடுவும் தளர்த்தப்பட்டது. நில்லின் அனுபவம் ஒரு பத்தாண்டாகக் காட்டிவந்த குறையை இது நேராகத் தொடுகிறது. வேலையை முன்னால் வைத்துக் குடியமர்ந்தவர்களுக்கு, ஐந்தாண்டுக் கெடு என்பது வேலைக்கும் வகுப்புக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொன்னதாகவே இருந்தது. பிள்ளைகள் வளர்ந்து கை ஓய்ந்த ஒரு தாய் பத்தாம் ஆண்டில் வகுப்புக்குத் திரும்ப நினைத்தால், பழைய விதியில் கதவு மூடியிருந்திருக்கும்.

இந்த மாற்றம் 2010-இலேயே வந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். தன்னார்வலர்கள் தாங்கிப்பிடித்த பத்தாண்டில் அவர்களுக்கும் வயது ஏறியிருக்கிறது. ஊர் கொடுத்த தோள் வகுப்புக்கு மாற்று என்று யாரேனும் இந்த நிகழ்விலிருந்து முடிவெடுத்து, வகுப்புக்கான பணத்தைக் குறைத்தால், அது நில் மக்களின் நல்லெண்ணத்துக்கு இழைக்கும் அநீதி.

குடியுரிமையின் வாசலிலும் மொழி நிற்கிறது. தேர்வு ஆங்கிலத்தில்தான்: 20 கேள்விகள், 15-க்குச் சரியான விடை வேண்டும், 2020 நவம்பர் முதல் அவற்றுள் நாட்டின் விழுமியங்களைப் பற்றிய ஐந்தும் பிழையின்றி அமைய வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இத்தேர்விலிருந்து விலக்கு உண்டு. ஆகவே எழுத்தறியாத பாட்டி தேர்வின்றியே உள்ளே வரலாம். பள்ளியில் படிக்கும் பேத்திக்கும் தேர்வு இல்லை. ஐம்பது வயதில், ஆலையில் நின்று வீட்டைக் கட்டிய நடுத் தலைமுறைதான் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

தேர்வுக்குப் பின் உறுதிமொழி. உள்ளாட்சி மன்றம் நடத்தும் விழாவில், தலைமை தாங்குபவர் ஒவ்வொரு தொடராகச் சொல்ல, புதிய குடிமக்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். நாட்டின் உரிமைகளை மதிக்கிறேன், சட்டங்களை நிலைநாட்டுவேன் என்னும் இடத்தில் 'ரெஸ்பெக்ட்', 'அப்ஹோல்ட்' என்ற சொற்கள் வருகின்றன. இரண்டும் முடிவது, கரேன் மொழி எந்தச் சொல்லின் இறுதியிலும் வைக்காத மெய்யொலிகளில்.